சர்க்கரை இருக்கிறது, சரி... ஆபத்து யாருக்கு?

75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர். பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் திரும்ப வரவேண்டும். வாந்தி வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. பிறகு ஒரு குத்து, அட்டையில் ஓர் எண். 140-க்குக் கீழே என்றால் வீட்டுக்குப் போகலாம். 140-ஐத் தொட்டுவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவர் 'சுகர் இருக்கிற கர்ப்பிணி'.

அட்டையில் 148 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணும் கூட வந்திருக்கும் அவருடைய அம்மாவும் கேட்க நினைப்பது சர்க்கரையைப் பற்றி அல்ல. குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே? சுகப்பிரசவம் ஆகுமா, கத்தி வைப்பார்களா? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்ததுபோல எட்டாம் மாதத்தில் பிபி ஏறிவிடுமா? இதற்கெல்லாம் 148 என்ற எண் பதில் சொல்வதில்லை. அதே எண் வந்த பெண்களில் பெரும்பாலோர் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தியே நல்லபடியாகப் பெற்றெடுத்து வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு மட்டும் கடைசி வாரங்களில் ரத்த அழுத்தம் எகிறுகிறது. சிலருடைய குழந்தை நாலு கிலோவாக வளர்ந்து, தோள் பிறப்புப் பாதையில் சிக்குகிறது. சில குழந்தைகள் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை குறைந்து துவண்டுபோகின்றன.

அந்தச் சிலர் யார் என்பதை ரத்தமே முன்கூட்டிச் சொல்லிவிடாதா? கடந்த இருபது ஆண்டுகளாக மருத்துவ உலகம் விடாமல் துரத்தும் கேள்வி இது. அடிப்போனெக்டின், லெப்டின், சிஆர்பி, மைக்ரோ ஆர்என்ஏ என்று ரத்தத்தில் இருக்கும் எதையும் ஆராய்ச்சியாளர்கள் விட்டுவைக்கவில்லை. 'நம்பிக்கை தரும் புதிய மார்க்கர்' என்று முடியும் ஆய்வுக் கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிகின்றன. அவற்றில் பிரசவ அறைவரை வந்து சேர்ந்தவை மிகச் சில. எவை வந்தன, எவை வரவில்லை, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாஸ்டனில் விழுந்த கோடு

முதலில் ஒரு விசித்திரம். கர்ப்பகால நீரிழிவுக்கு உலகம் போட்ட முதல் எல்லைக்கோடு, கர்ப்பச் சிக்கலைக் கணிக்கப் போட்டதே அல்ல. 1964-இல் பாஸ்டனில் ஜான் ஓ'சல்லிவன் என்ற மருத்துவரும் கிளேர் மஹான் என்ற புள்ளியியலாளரும் 752 கர்ப்பிணிகளின் சர்க்கரை அளவுகளை வைத்து ஒரு வரம்பு வகுத்தார்கள். அந்த வரம்பு சரிதானா என்று அவர்கள் உரசிப் பார்த்த கல் எது தெரியுமா? பிற்காலத்தில் எந்தத் தாய்க்கு நிரந்தர நீரிழிவு வருகிறது என்பது. வயிற்றில் இருந்த குழந்தை அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டையும் அதன் வாரிசுகளையும் வைத்துத்தான் பல ஆண்டுகள் உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளைப் பிரித்தார்கள்.

குழந்தையைக் கணக்கில் சேர்க்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிகாகோவின் பாய்ட் மெட்ஸ்கர் தலைமையில் 9 நாடுகள், 15 மையங்கள், 25,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகள் என்று நடந்த 'ஹாப்போ' ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. வெறும் வயிற்றில் சர்க்கரை 75-க்கும் குறைவாக இருந்த தாய்மார்களில் 5.3 சதவீதத்தினருக்குத்தான் அளவுக்கு மீறிப் பெரிய குழந்தை பிறந்தது. 100-ஐத் தொட்டவர்களில் 26.3 சதவீதத்தினருக்கு. நடுவில் எங்கேயாவது திடீரென்று ஏறுகிறதா என்று தேடினார்கள். இல்லை. சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் சீராக ஏறிக்கொண்டே போனது. இயற்கை எந்த எண்ணிலும் கோடு போட்டு வைக்கவில்லை.

கோடு போட்டது குழுதான். ஆபத்து சராசரியைவிட 1.75 மடங்காகும் இடம் எது என்று பார்த்து, 2010-இல் நிபுணர் குழு ஒன்று 92, 180, 153 என்ற மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்தது. வெறும் வயிற்றில், ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில். உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் அதை ஏற்றுக்கொண்டது. 91 வந்தவர் ஆரோக்கியமானவர், 92 வந்தவர் நோயாளி என்பது மருத்துவ நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடு. அந்த இரண்டு பெண்களின் உடம்புக்கும் அப்படி ஒரு வேறுபாடு தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த 15 மையங்களில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. ஆசியப் பெண்களின் தரவு பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய ஊர்களிலிருந்து வந்தது. அங்கேகூட வெறும் வயிற்றுச் சர்க்கரையால் பிடிபட்டவர்கள் குறைவு. குளுக்கோஸ் குடித்த பிறகு ஏறும் சர்க்கரையால் பிடிபட்டவர்களே அதிகம். கலிஃபோர்னியாவிலும் பார்படாஸிலும் நிலைமை நேர் எதிர். ஒரு நாட்டுப் பெண்களிடம் கச்சிதமாக வேலை செய்யும் மார்க்கரை இன்னொரு நாட்டுக்கு அப்படியே கொண்டுபோய் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தொப்புள்கொடியில் கிடைத்த சாட்சி

தாயின் சர்க்கரை குழந்தையை எப்படிப் பாதிக்கிறது? நஞ்சுக்கொடி குளுக்கோஸைத் தாராளமாக உள்ளே விடும். தாயின் இன்சுலினை விடாது. அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தைக்கும் கூடுகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. இன்சுலின் வளர்ச்சி ஹார்மோனைப் போலவும் வேலை செய்யும் என்பதால் கொழுப்பு சேர்கிறது, தோளும் வயிறும் பருக்கின்றன. பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுகிறார்கள். சர்க்கரை வரத்து அந்த நொடியே நின்றுவிடுகிறது; குழந்தையின் உடம்பில் இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்குச் சர்க்கரை தடாலென்று சரிகிறது. டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இப்படித்தான் நடக்கிறது என்று வாதிட்டார்.

ஹாப்போ ஆய்வு இதை நேரடியாகவே அளந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் சி-பெப்டைடு என்ற பொருளைப் பார்த்தார்கள். கணையம் இன்சுலின் தயாரிக்கும்போது கூடவே வெளிவரும் துணைப்பொருள் அது. தாயின் வெறும் வயிற்றுச் சர்க்கரை மிகக் குறைவாக இருந்த பிரிவில் 3.7 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் அது அதிகம். சர்க்கரை மிக அதிகமாக இருந்த பிரிவில் 32.4 சதவீதம். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான சங்கிலியை இத்தனை தெளிவாகக் காட்டிய ரத்த மார்க்கர் வேறு இல்லை. ஒரே குறை, அது கிடைப்பது குழந்தை பிறந்த பிறகு! அறிவியலுக்கு அருமையான சாட்சி. கர்ப்பிணிக்குப் பயன் இல்லை.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் இரண்டு மாணவர்கள்... இல்லை, ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும்

இந்தக் கதையில் சென்னைக்கு உண்மையான இடம் உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி.சேஷய்யாதான், வெறும் வயிறு வேண்டாம், எப்போது வந்தாலும் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும் என்ற 'டிப்சி' முறையை முன்வைத்தவர். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அந்தப் பெஞ்சுக் காத்திருப்பு அவர் கொடுத்த ஏற்பாடு. 2008-இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில், தமிழ்நாட்டு நகரங்களில் 17.8 சதவீதக் கர்ப்பிணிகளுக்கும், சிறு நகரங்களில் 13.8 சதவீதத்தினருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதத்தினருக்கும் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. கிராமத்தில் பத்தில் ஒருவர்! அதற்கு முந்தைய ஆண்டே தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. சேஷய்யாவுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

டிப்சி முறைக்கு எதிர்ப்பும் சென்னையிலிருந்தேதான் வந்தது. டாக்டர் வி.மோகனின் குழு 2014-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாப்பிட்டு வந்தவர்களிடம் செய்யும் இந்த ஒற்றைச் சோதனை, வெறும் வயிற்றில் முறைப்படி செய்தால் பிடிபடக்கூடியவர்களில் பெரும் பகுதியினரைத் தவறவிடுவதாகத் தெரிந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஏழு மைல் பஸ் ஏறி வரும் பெண்ணிடம் 'நாளைக்கு வெறும் வயிற்றில் வா' என்றால் அவர் வராமலே போகலாம். வராத பெண்ணுக்குத் துல்லியமான சோதனை இருந்து என்ன? என்னைக் கேட்டால், கிராமத்துக்கு டிப்சி சரி. வெறும் வயிற்றில் வர வசதியுள்ளவர்கள் முழுச் சோதனையையே செய்துகொள்ளட்டும்.

இனி அந்த மாணவர். அதே கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்து அமெரிக்கா போன எஸ்.அனந்த் கருமாஞ்சி ஒரு சிறுநீரக மருத்துவர். பாஸ்டனில் அவர் பிடித்த நூல், கர்ப்பிணிகளை வதைக்கும் பிரீஎக்ளாம்ப்சியா. ரத்த அழுத்தம் எகிறி, சிறுநீரில் புரதம் இறங்கி, முற்றினால் வலிப்புவரை கொண்டுபோகும் கோளாறு. கர்ப்பகால நீரிழிவு இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அது நடுநாயகமாக இருக்கிறது.

கருமாஞ்சி குழு 2003-இல் கண்டது இது. சரியாக வேரூன்றாத நஞ்சுக்கொடி 'எஸ்எஃப்எல்டி-1' என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக் குழாய்கள் ஆரோக்கியமாக இருக்கத் தேவையான 'பிஎல்ஜிஎஃப்' போன்ற வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் மடக்கிப் பிடித்துவிடுகிறது. கருவுற்ற எலிகளுக்கு எஸ்எஃப்எல்டி-1 ஏற்றியபோது அவற்றுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. அடுத்த ஆண்டே, நோய் வெளிப்படுவதற்கு வாரங்கள் முன்பாகவே பெண்களின் ரத்தத்தில் இந்த மாற்றம் தெரிகிறது என்பதும் உறுதியானது.

மற்ற மார்க்கர்களிலிருந்து இது வேறுபடும் இடம் இங்கேதான். இது நோயோடு தற்செயலாகச் சேர்ந்து நடமாடும் பொருள் அல்ல. நோயை உண்டாக்கும் வேலையில் நேரடிப் பங்கு உள்ளது. எஸ்எஃப்எல்டி-1-ஐ பிஎல்ஜிஎஃப்-ஆல் வகுத்து வரும் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரீஎக்ளாம்ப்சியா வராது என்று 99.3 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. பிரிட்டனில் 11 மருத்துவமனைகளில் நடந்த இன்னோர் ஆய்வில், பிஎல்ஜிஎஃப் முடிவை மருத்துவர் கையில் கொடுத்தபோது நோயை உறுதிசெய்ய ஆன நேரம் சராசரியாக 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது. தாய்மார்களுக்கு நேர்ந்த கடுமையான பாதிப்புகளும் குறைந்தன. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு இந்த வகைச் சோதனைகளைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது.

ஆனால் இது சந்தேகம் வந்த பிறகு செய்யும் சோதனை. ரத்த அழுத்தம் ஏறுகிறது, தலைவலி விடவில்லை, கண் மங்குகிறது, முகமும் கையும் வீங்குகிறது, உள்ளே குழந்தையின் வளர்ச்சி தட்டுகிறது என்ற நிலையில், சேர்த்துக்கொள்ளலாமா வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க உதவுவது. சர்க்கரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு எடுப்பது வீண் செலவு.

டபுள் மார்க்கரின் மறுபக்கம்

பதினோராவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் எடுக்கும் 'டபுள் மார்க்கர்' சோதனை நகரத்துக் கர்ப்பிணிகளுக்குத் தெரிந்ததுதான். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 'லோ ரிஸ்க்' என்று வந்ததும் ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்து மூடிவிடுகிறோம். அதில் உள்ள இரண்டு பொருட்களில் ஒன்று பாப்-ஏ. நஞ்சுக்கொடி சுரக்கும் புரதம். அது வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும் பெண்களுக்குப் பிற்பாடு பிரீஎக்ளாம்ப்சியா, குழந்தை வளர்ச்சிக் குறைவு, கர்ப்பகால நீரிழிவு ஆகியவை வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பாப்-ஏ மட்டும் தனியாக நம்பத்தக்க ஜோசியம் அல்ல. தாயின் ரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் டாப்ளர் ஸ்கேன், பிஎல்ஜிஎஃப் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அதற்குப் பலம் வருகிறது.

அப்படிக் கணக்குப் போட்டு என்ன பயன்? 2017-இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொன்னது. இப்படிப் பிரித்தெடுத்த அதிக ஆபத்துள்ள பெண்களுக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுபோய் விடும் பிரீஎக்ளாம்ப்சியா, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம். பதினாறாவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் இதற்கு மதிப்பு. ஏழாவது மாதத்தில் போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும். மருத்துவர் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் விஷயமும் அல்ல.

மூன்று மாதச் சராசரியும் ரத்தசோகையும்

'மூன்று மாதச் சராசரி' என்று எல்லோரும் சொல்லும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம், குளுக்கோஸ் குடிக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். இதையே முதல் மாதங்களில் எடுத்துவிட்டால் என்ன?

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் பதினாறாயிரம் பெண்களுக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் 5.9 அல்லது அதற்கு மேல் இருந்தால், முன்பே இருந்து கண்டுபிடிக்கப்படாத நீரிழிவு சிக்குகிறது; பிரீஎக்ளாம்ப்சியா, தோள் சிக்குதல், குழந்தை இழப்பு ஆகியவற்றின் வாய்ப்பும் இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. 2014-இல் வெளியான முடிவு இது.

நம் நாட்டில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் எச்பிஏ1சி. அணுக்களின் ஆயுள் மாறினால் எண்ணும் மாறும். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் எண் இயல்பாகவே கீழே இறங்குகிறது. இரும்புச்சத்துக் குறைவு அதை மேலே தள்ளுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பாதிப் பேரின் கணக்கில் இப்படிக் குழப்பம் இருக்கும்போது, தசம புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை வைத்து ஆபத்தை அளப்பது எப்படி? 6.5 வந்தால் சந்தேகமில்லை, அது பழைய நீரிழிவு. 5.6-க்கும் 5.8-க்கும் இடையே நின்று கவலைப்படுவதில் பொருளில்லை. ஹீமோகுளோபின் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எச்பிஏ1சியைப் படிக்கவே கூடாது.

ஆயிரம் பேர் கணக்கு

மற்ற மார்க்கர்களின் பட்டியல் நீளமானது. கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின், கர்ப்பகால நீரிழிவு வரப்போகும் பெண்களிடம் முன்பே குறைந்து காணப்படுகிறது. ட்ரைகிளிசரைடு கூடுதலாக உள்ளவர்களுக்குப் பெரிய குழந்தை பிறக்கும் போக்கு இருக்கிறது. சர்க்கரை ஒட்டிய சிடி59 என்ற புரதம், கிளையேறிய அமினோ அமிலங்கள், வகைவகையான மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்று பட்டியல் போகிறது. எல்லாவற்றிலும் 'தொடர்பு' இருக்கிறது. தொடர்பு இருப்பது வேறு, ஒரு தனிப் பெண்ணிடம் 'உனக்கு வரும்' என்று சொல்ல முடிவது வேறு.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கர்ப்பகால நீரிழிவுள்ள ஆயிரம் பெண்கள். அவர்களில் 50 பேருக்கு ஒரு சிக்கல் வரப்போகிறது. நம்மிடம் ஒரு மார்க்கர்: வரப்போகிறவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், வராதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். ஆய்வுக் கட்டுரையில் இது மிக நல்ல மார்க்கர். நடைமுறையில் என்ன ஆகும்? 50 பேரில் 40 பேரைப் பிடிக்கிறது. வராத 950 பேரில் 190 பேரையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆக 230 பேரிடம் 'ஆபத்து' என்கிறோம். அதில் 40 பேருக்குத்தான் வருகிறது. ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். மற்ற 190 குடும்பங்கள் மிச்ச மாதங்களைப் பயத்தோடு கழிக்கும். சிலர் அவசரப்பட்டு முன்கூட்டியே சிசேரியனுக்கும் நாள் குறிப்பார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 'ஆபத்து இல்லை' என்று சொன்ன 770 பேரில் 10 பேருக்குத்தான் தவறுகிறது. அதாவது, இந்த மார்க்கர்கள் 'வரும்' என்று சொல்வதைவிட 'வராது' என்று சொல்வதை அதிகம் நம்பலாம். மேலே பார்த்த 38 என்ற விகிதத்தின் கதையும் இதேதான். 'வராது' என்பதில் 99.3 சதவீத உறுதி கொடுத்த அதே சோதனை, விகிதம் 38-ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வருவதை 36.7 சதவீதம்தான் சரியாகச் சொன்னது.

இந்தப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை தரும் திசை ஒன்று உண்டு. கர்ப்பகால நீரிழிவு ஒரே நோய் அல்ல என்ற பார்வை அது. சிலருடைய உடம்பில் இன்சுலின் போதுமான அளவு சுரந்தும் வேலை செய்வதில்லை. சிலருக்குச் சுரப்பதே போதவில்லை. சர்க்கரை எண் இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். பாஸ்டனில் கமில் போவி குழு 2016-இல் பார்த்தபோது, இன்சுலின் வேலை செய்யாத வகைப் பெண்களுக்கே பெரிய குழந்தையும் மற்ற சிக்கல்களும் அதிகம் வந்தன. இரண்டாவது வகையினரின் பிரசவம் நீரிழிவு இல்லாதவர்களுடையதைப் போலவே இருந்தது. சர்க்கரையோடு இன்சுலினையும் சேர்த்து அளந்தால் போதும், இந்தப் பிரிவு தெரிந்துவிடும். விலையுயர்ந்த புது மூலக்கூறு எதுவும் வேண்டாம். சின்ன ஆய்வுதான், ஒல்லியான உடம்பிலும் சர்க்கரை வரும் நம் பெண்களிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும்.

மேஜையில் காத்திருக்கும் குழாய்

புது மார்க்கர் தேடும் ஆர்வத்தில் பழைய மார்க்கரை நாம் நடத்தும் விதத்தை மறந்துவிடுகிறோம். ரத்தத்தை எடுத்துக் குழாயில் விட்ட பிறகும் அதிலுள்ள அணுக்களுக்குப் பசி அடங்குவதில்லை. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறைகிறது. சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடு உப்பு இதைத் தடுக்கத்தான். ஆனால் அது முழுதாக வேலையைத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். 148 இருந்த ரத்தம், கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து, பைக்கில் ஏறி, பெரிய லேப்பில் வரிசையில் நின்று இரண்டு மணி நேரம் கழித்து இயந்திரத்துக்குள் போனால் 130 சொச்சம் காட்டலாம். 'சுகர் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும்! அயர்லாந்தில் ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்து விரைவாகப் பிரித்துப் பார்த்தபோது, வழக்கமான முறையில் பிடிபட்டதைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அங்கேயே குளுக்கோமீட்டரில் பார்ப்பதால் இந்தக் காத்திருப்புக் கோளாறு அங்கே இல்லை. கருவிக்கு அதற்கே உரிய ஏற்ற இறக்கப் பிழை உண்டு என்பது வேறு விஷயம். தனியார் லேப்பில் ஆயிரக்கணக்கில் கட்டி மார்க்கர் பேக்கேஜ் எடுப்பவர்கள், ரத்தம் எடுத்த எத்தனை நிமிடத்தில் பரிசோதிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எந்தப் பேக்கேஜையும்விட மதிப்புள்ளது.

தெரிந்துகொண்டு என்ன செய்கிறோம்?

கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடித்துச் சரியாகக் கவனித்தால் பலன் உண்டு என்பதில் இப்போது ஐயம் இல்லை. 2005-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், கவனிப்புப் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கடும் பாதிப்பு 1 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 4 சதவீதம். இன்னும் முன்பே, 20 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்? இந்தியாவும் பங்கேற்ற 2023 ஆய்வில் குழந்தைப் பாதிப்புகள் 30.5 சதவீதத்திலிருந்து 24.9 சதவீதமாக இறங்கின. குறிப்பாக மூச்சுத் திணறல். ஆனால் சர்க்கரை லேசாக மட்டும் கூடியிருந்த பெண்களுக்கு அவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்கியதில் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடியது. யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்லும் மார்க்கர் வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான். அது இன்னும் வரவில்லை.

அதுவரை நம்மிடம் இருப்பது என்ன? முதல் முறை மருத்துவமனைக்குப் போகும்போதே ஒரு சர்க்கரைப் பரிசோதனை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வலுவடையும் காலம் அது என்பதால்தான் அந்த வாரங்கள். சர்க்கரை இருந்தால் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே வராவிட்டால் மருந்து. இன்சுலின் என்றதும் 'வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா' என்று பதறவேண்டாம். பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும். ஒவ்வொரு செக்கப்பிலும் பிபி. 28-30 வாரத்திலும் 34-36 வாரத்திலும் குழந்தையின் வளர்ச்சி ஸ்கேன். வயிற்றுச் சுற்றளவு மற்ற அளவுகளை மீறி ஓடுகிறதா என்று அதில் தெரியும். பெரிய குழந்தையைக் கணிப்பதில் பல ரத்த மார்க்கர்களைவிட இந்த ஸ்கேன் அளவும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்ந்து உருப்படியான வேலை செய்கின்றன.

'கர்ப்பகால ஆபத்துப் பேக்கேஜ்' என்று யாராவது பட்டியல் நீட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த எண் அதிகமாக வந்தால் எனக்கு என்ன மாற்றிச் செய்வீர்கள்? பன்னிரண்டாவது வாரத்தில் ஆஸ்பிரின் என்றோ, 33-வது வாரத்தில் அட்மிட் என்றோ பதில் வந்தால் எடுக்கலாம். 'தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே' என்று பதில் வந்தால் பணத்தைப் பழம், காய்கறிக்குச் செலவு செய்யலாம்.

கடைசியாக, பிரசவம் முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடும் சோதனை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு என்று 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டி நெறி. அதன் பிறகும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். குழந்தைக்கும் அதே ஆறாவது வாரத்தில்தான் தடுப்பூசி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போகும் அன்றைக்கு, உங்களுக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.